தூக்கத்துக்குக் காவல்

உங்கள் அறைக் கதவுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், ஐயா. மேல் கீலில் ஒன்று, கீழ்க் கீலில் ஒன்று. காலையிலிருந்து உங்கள் ஆட்கள் டீ கொண்டுவருவதும் காகிதம் எடுத்துப் போவதுமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது கத்துகிறது. யாருக்கும் காது கூசியதாகத் தெரியவில்லை. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பழக்க தோஷம். எங்கள் வீட்டில் ஒரு கதவோ ஒரு ஜன்னலோ வாயைத் திறக்காது. வாசல் கேட்டுக்குக்கூட நானே கையால் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

என் மனைவி தூங்க வேண்டுமே, அதற்காகத்தான். நடந்ததை ஆதியிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். இதில் ஆதி என்று ஒன்று இருந்தால் அது அவள் தூக்கம்தான்.

அவள் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பில் வரும்போதே உங்கள் காவலர் ஒருவர், "தொண்டைக்குள்ள தொட்டில் தொங்குமே, அந்தப் படம் போட்ட அம்மாவா?" என்று கேட்டார். அந்த அம்மாதான். சர்ரியலிஸ்ட் ஓவியர் என்று பத்திரிகையில் எழுதுவார்கள். கண்ணைத் திறந்தால் தெரிவதை எல்லோரும் வரைவார்கள். இவள் கண்ணை மூடினால் வருவதை வரைகிறவள். மனத்தின் அடியில் கிடப்பதை அள்ளிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் போடுகிறவள். அவள் முறை இதுதான். மதியம் சாப்பிட்டதும் படம் வரையும் அறையில் ஒரு கட்டிலில் படுப்பாள். விழித்ததும் ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் முகத்தையும் பார்க்காமல், நேரே சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய தாளுக்குப் போய்க் கரித்துண்டால் வரைவாள். வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் கனவு கலைந்துவிடும். ஆகவே அவள் படுத்ததிலிருந்து கரித்துண்டைக் கீழே வைக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அந்தத் தாளிலிருந்துதான் பிறகு வண்ணப் படம் வளரும்.

என் வேலை அவள் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது. நேரமானதும் எழுப்புவது. கூப்பிட்டு எழுப்பக் கூடாது, உலுக்கக் கூடாது. குதிகாலில் ஒரு விரலை வைத்தால் போதும், எழுந்துவிடுவாள். சொல்வதற்கு எளிய வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு முன்னால் நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் பேசுகிறவர் எச்சில் விழுங்குவதைக்கூடப் பிடிக்கிற வேலை. பாம்புச் செவி என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். ஒருவர் நிஜமாகத் தூங்குகிறாரா, சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன். தூங்குகிறவருக்கு மூச்சு உள்ளே போவது குட்டை, வெளியே வருவது நீளம், நடுவில் ஒரு சின்ன ஓய்வு. கல்யாணமான புதிதில் இதை அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக்கொண்டு தூங்குவது போல மூச்சு விட்டுப் பார்ப்போம். அவள் சிரித்துக் கெடுத்துவிடுவாள்.

அந்த நாட்களில் அவள் படங்கள் அழகாக இருக்கும். மரத்தில் காய்த்த கண்கள், மேகத்தைத் துவைத்துக் காயப்போடும் பெண்கள். பார்க்கிறவர்கள் "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். யாரும் நிற்கமாட்டார்கள். ராத்திரி அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். மனைவி அழுவதைப் பார்த்துக்கொண்டு எந்தக் கணவனால் சும்மா இருக்க முடியும்?

ஒரு நாள் மதியம் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போனால் நாற்காலி நகரும் என்று விட்டுவிட்டேன். அன்று அவள் வரைந்தது, படுத்திருக்கிற ஒரு பெண். அவள் காதுக்குள் ஓர் ஆறு இறங்குகிறது. ஆற்றில் வீடுகள் கவிழ்ந்து மிதந்து வருகின்றன. பின்னால் நின்று பார்த்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த ஆறு எங்கள் வீட்டுக் குழாய். வரைகிற அவளுக்கே அது தெரியாது, எனக்குத் தெரியும். வெளியே நடப்பது அவள் தூக்கத்துக்குள் நுழைந்து வேறு வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. அதற்கு வாசல் எங்கே இருக்கிறதென்று நான் கண்டுபிடித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

மறுநாள் குழாயை நானே கொஞ்சம் திறந்து வைத்தேன்.

அப்புறம் துணியின் நுனியைப் பொசுக்கி மூக்கருகே காட்டினேன். சட்டைகள் வரிசையாக நடந்து போய் நெருப்பில் குளிக்கிற படம் வந்தது. பனிக்கட்டியை உள்ளங்காலில் வைத்தேன். கால் முளைத்த கிணறு ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு வந்தது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான், படங்களைக் கண்காட்சி வைத்து விற்கும் கேலரிக்காரர் முதல்முதலாக எங்கள் வீடு தேடி வந்தார். அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்கேர்ந்தும்மா வருது இதெல்லாம்?" என்றார். அவள், "தெரியலைங்க, தூக்கத்துல வருது" என்றாள். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். "வீட்டுக்காரரா? ரொம்ப சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு அது கொஞ்சம் வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். சில்லென்று இருப்பதைவிடச் சுடுவது நல்ல படம் தந்தது. சுடுவதைவிடப் பயம் நல்ல படம் தந்தது. ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். அவளைப் பயத்தில்தான் கறக்க வேண்டியிருந்தது. அது என் தப்பு இல்லை. அவள் சுபாவம் அப்படி.

எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. நெடுநாள் தங்கவில்லை. இருந்த நாட்களில் அது அழுவதை நான் பதிவு செய்து வைத்திருந்தேன்; நல்ல கருவியில், தெளிவாக. பெற்ற அப்பன் செய்யக்கூடியதுதானே. குழந்தை போனபின் அதை அவளிடம் சொல்லவில்லை, கஷ்டப்படுவாள் என்று. ஒரு மதியம் அதை அவள் தலைமாட்டில் வைத்து மிகவும் சன்னமாக ஓடவிட்டேன். அவள் விழிக்கவில்லை. இரண்டு கையும் காற்றில் எழும்பி எதையோ வாங்கிக்கொள்வது போல நின்றன. தொண்டைக்குள் தொட்டில் தொங்குகிற படம் அன்று வந்தது. அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த படம், உங்கள் காவலர் பார்த்த படம்.

வரைந்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏங்க, பாப்பா அழற சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லையேம்மா" என்றேன். "கனவா இருக்கும்."

அந்த அழுகையை வெகு காலம் வைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் எந்தப் பயமும் பழகினால் மரத்துப்போகும். கைகள் எழும்புவது நின்றுவிட்டது. படங்கள் சப்பென்று ஆகத் தொடங்கின. கேலரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "முன்ன இருந்த அந்த உயிரு இல்லையே சார்" என்றார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சொன்னார். தலையணை அதற்குப் பிறகுதான் வந்தது, ஐயா. எடுத்த எடுப்பிலேயே தலையணைக்குப் போகிற ஆள் நான் இல்லை.

அமுக்குவது என்று எழுதிக்கொள்கிறீர்கள். வைத்திருப்பது என்று எழுதுங்கள். முகத்தின்மேல் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது மூச்சின் கணக்கு, அது எனக்கு அத்துப்படி. கால்கள் முதலில் லேசாக உதைக்கும். பிறகு விரல்கள் விரிப்பைப் பிறாண்டும். நெஞ்சு வில் போல வளையும். அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு, மூச்சு சமனப்பட்டதும் குதிகாலைத் தொட வேண்டும். நான் ஒருநாளும் அளவு மீறியதில்லை. அந்தப் பருவத்துப் படங்களைப் பாருங்கள்; மண்ணுக்கடியில் கல்யாண விருந்து நடக்கும், ஜன்னல் இல்லாத பெண்கள் இருப்பார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள்.

அவள் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரே அக்கா, பல் டாக்டர். அப்பா அம்மா போனபின் இவளை வளர்த்தவர். வாய் நிறையக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இவ வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவ. நீங்கதான் பத்திரமாப் பாத்துக்கணும்" என்றார். கண்ணை இமை காப்பது போலத்தான் காத்தேன். ஆனால் அக்கா சொன்னதில் ஒரு பாதி சரியில்லை.

ஒரு மதியம் தலையணை நழுவி என் வலது கை அவள் வாய்மேல் விழுந்தது. கடித்துவிட்டாள். கட்டைவிரலுக்குக் கீழே, சதையோடு. விடவே இல்லை. அவள் கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். என் ரத்தம் அவள் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"கெட்ட கனவும்மா" என்றேன்.

பிறகு பல்லை எடுத்தாள். "ஆமாங்க" என்றாள். "கனவுதான்." எழுந்து போய்ச் சுவரில் வரைந்தாள். பேசிவிட்டோமே, இன்று ஒன்றும் வராதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. வந்தது. நன்றாகவே வந்தது.

கையைத் தெருநாய் கடித்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். டாக்டரிடமும் அப்படியே சொல்லி நாய்க்கடி ஊசி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். ஒரு பேச்சைச் சொன்னால் அதற்கு மரியாதை வேண்டாமா?

அந்த மாதமே அவள், "அக்கா வீட்ல நாலு நாள் இருந்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். கண்காட்சி நெருங்குகிறது என்று எடுத்துச் சொன்னேன். மறுபடியும் கேட்டாள். பையில் துணிகூட வைத்திருந்தாள். அந்த வாரம்தான் மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இடது கை. வரைகிற கைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் போகிறேன் என்ற பேச்சே இல்லை. தூக்கத்தில் மணி அடித்துத் தொலைக்கும் என்று போனை நானே வைத்துக்கொண்டேன். வாசல் சாவியும் என் பையில்தான் இருக்கும்.

அதன் பிறகு அவள் தூக்கம் பொன்னாகிவிட்டது. படுத்த மாத்திரத்தில் மூச்சு இறங்கிவிடும். உள்ளே குட்டை, வெளியே நீளம், நடுவில் ஓய்வு. தலையணை வைத்தால்கூட முன்பு போல உதைப்பதில்லை. விரல்கள் மட்டும் மெல்ல மடங்கும். பழகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பேன். ஒருநாள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்போதும் அவள் மூச்சு திரும்பி வந்தபோது அதே அளவில், அதே ஓய்வோடு வந்தது. இப்படி ஒரு தூக்கத்தை நான் எந்த ஒலிப்பதிவிலும் கேட்டதில்லை.

படங்கள் மாறின. எல்லாவற்றிலும் ஓர் ஆள் வந்து நின்றான். முதுகைக் காட்டி நிற்பான். முகம் தெரிகிற மாதிரி திரும்பினால் முகத்துக்குப் பதில் தலையணை இருக்கும். அவன் வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வாய். மேல் வரிசை, கீழ் வரிசை என்று ஒவ்வொரு பல்லும் துல்லியமாக இருக்கும். வேறு எதை மங்கலாக விட்டாலும் அந்தப் பற்களை அவள் மங்கலாக விடமாட்டாள். கேலரிக்காரர் அதன் முன் நின்று, "ஆதிப்பசி சார் இது. ஆழ்மனசு வாயத் திறந்துடுச்சு" என்று கண் கலங்கினார். நான் பயப்படவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

கண்காட்சிக்கு அக்கா வந்தார். அந்தக் கைப்படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கிட்டே போனார். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பது போல அவர் பார்க்கவில்லை. நோயாளியின் வாயைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவருக்குக் குடிக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பார்த்தார்.

"தம்பி, அது என்ன தழும்பு?"

"நாய்தான் அக்கா. தெருநாய். சொன்னேனே."

"ஓ" என்றார். தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வாங்கிய தம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம் வந்தார். கிளினிக்கிலிருந்து நேராக, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல். கேட்டில்தான் சத்தம் வராதே. செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவருக்கும் வீட்டு வழக்கம் தெரியும், பழக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எங்களுக்குள் நடந்தது எல்லாம் ரகசியம் பேசுகிற குரலில்தான் நடந்தது. சமையலறையில் நின்றோம். அதை அடுத்துப் படம் வரையும் அறை. அவள் மூச்சைக் கேட்க வேண்டுமென்று அந்தக் கதவை நான் எப்போதும் பாதி திறந்தே வைப்பேன்.

"கையைக் காட்டுங்க" என்றார்.

"எதுக்குக்கா?"

"காட்டுங்க தம்பி. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேணும்?"

காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். அவர் விரல்கள் மருந்து வாசனை அடித்தன.

"நாய் கடிச்சா இப்படியா இருக்கும்? இது மனுஷக் கடி. இந்த ரெண்டாவது பல்லு உள்ள தள்ளி விழுந்திருக்கு பாருங்க. அதுக்குக் கம்பி போட்டவ நான். வலிக்குதுக்கான்னு அழுது பாதியில கழட்டிக்கிட்டா. படத்துல அதே பல்லு, அதே இடத்துல இருக்கு." என் கையை விட்டார். "அவ வாய் உங்க கைக்குக் கீழ எப்படி வந்துச்சு?"

"தூக்கத்துலக்கா. கனவு."

"அவ கை ஒடஞ்சதும் கனவா?"

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிறவர்களிடம் என்ன பேசுவது? தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். எழுந்து வரைந்து முடிக்கட்டும் அக்கா, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தன்மையாகச் சொன்னேன். அன்று காலையிலிருந்தே ஒரு நல்ல படம் வரும் என்று எனக்கு மனசு சொல்லிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன்" என்று அந்தக் கதவைப் பார்த்து நடந்தார். குரலை உயர்த்துவதற்காக மூச்சை உள்ளே இழுத்தார். 'குட்டி' என்று கூப்பிடப் போகிறார். கூப்பிட்டால் கனவு கலைந்துவிடும்.

கேன்வாஸ் துணியைச் சட்டத்தில் அடிக்கிற சுத்தியல் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. வர்ணம் துடைக்கிற துணியை அதன் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன், சத்தம் வராமல் இருக்க. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆத்திரத்தில் செய்கிறவன் துணி சுற்றமாட்டான்.

உச்சிக்குச் சற்றுப் பின்னால் அடித்தேன். மிகவும் தாழ்ந்த ஒலி, ஈர மூட்டையைத் தரையில் இறக்குகிற மாதிரி. அவர் விழவில்லை, திரும்பினார். அடுத்தது தவறி வாயில் பட்டது. பல் ஒன்று தெறித்துத் தரையில் ஓடியது. அந்தச் சத்தத்துக்குத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் அவர் கையைத் தூக்கினார், கையிலும் பட்டது. எத்தனை அடி என்று உங்கள் டாக்டர் எழுதியிருப்பதே சரியாக இருக்கும், நான் எண்ணவில்லை. சாய்ந்தபோது தாங்கிப் பிடித்துத் தரையில் மெல்ல இறக்கினேன். தொம்மென்று விழ விடவில்லை. அப்போதும் தொண்டையில் கொறகொறவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. போய் அந்தத் தலையணையை எடுத்துவந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவள் அசையவில்லை. அதை அக்கா முகத்தில் வைத்து, முழங்காலால் ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை எடுக்கவில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு மூச்சு என் காதில் விழுந்துகொண்டிருந்தது, ஐயா. இங்கே ஒன்று தடுமாறித் தடுமாறி நின்றுபோனது. உள்ளே மற்றது அதே சீரில், குட்டையாக உள்ளே போய் நீளமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அப்பாடா, தூக்கம் கலையவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவரைப் படங்கள் அடுக்கும் சின்ன அறைக்கு இழுத்துப்போய், கேன்வாஸ் ஒன்றைப் போர்த்தினேன். தரையைத் துடைத்தேன். சட்டை மாற்றினேன். பல்லை மட்டும் எவ்வளவு தேடியும் காணோம். கேலரிக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார், நேரமாகிவிட்டது. போய்க் குதிகாலில் விரலை வைத்தேன்.

எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவருக்குப் போனாள். அவள் அப்படி வரைந்து நான் பார்த்ததில்லை. கரித்துண்டு உடைந்து உடைந்து விழுந்தது, இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். ஒரு சமையலறை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், தரையில், மடித்துவைத்த துணி போல. துணி சுற்றிய சுத்தியல். அந்த ஆளும் இருந்தான், ஆனால் இந்தத் தடவை திரும்பி நின்றான். தலையணை இல்லை, முகம் இருந்தது. என் முகம். நன்றாகவே வந்திருந்தது, காதை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தாள். கீழே ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில், சுவரோரக் காலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பல்.

குனிந்து அவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சுவரோரக் காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவள், கண் மூடியிருந்தவள், பல் உருண்ட சத்தத்தைக் கொண்டே அது போய் நின்ற இடத்தைப் பார்த்திருக்கிறாள். ஆழ்மனத்தின் சக்திக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எங்கள் இருவரின் வேலையிலும் இதுதான் சிகரம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கேலரிக்காரர் வந்தார். அவள் கையில் இன்னும் கரித்துண்டு இருப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், அவருக்கும் வழக்கம் தெரியும். படத்தைப் பார்த்து ஆடிப்போனார். அவள் கரித்துண்டைக் கீழே வைத்தாள்.

"என்ன கற்பனைம்மா" என்றார். "இந்த வெள்ளைக் கோட்டு யாரு? எந்தக் கனவு இது?"

"கனவு இல்லைங்க" என்றாள். "எங்கக்கா. சின்ன ரூம்ல கெடக்குறாங்க. கதவைத் தொறந்து பாருங்க."

அவர் சிரித்தார். ரசித்துத் தலையாட்டினார். "எல்லார் மனசுக்குள்ளயும் அப்படி ஒரு கதவு இருக்கும்மா" என்றார்.

"மனசுல இல்லைங்க. அந்தக் கதவு" என்று கரி படிந்த விரலை நீட்டினாள். "தயவுசெஞ்சு தொறங்க."

போய்த் திறந்தார். கதவு சத்தம் போடவில்லை. அவர்தான் போட்டார். அந்த வேளையில் எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய சத்தம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. வாசலைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார். அவருக்குப் பின்னாலேயே அவளும் போனாள், செருப்புகூடப் போடாமல், திரும்பிப் பார்க்காமல். நான் தடுக்கவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் வந்தபோது அங்கேதான் இருந்தேன்.

சற்று முன்னால் அவள் சொன்னதை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். என்னைக் கடித்த நாளுக்குப் பிறகு ஒரு மதியம்கூட அவள் தூங்கவில்லையாம். நான் சொல்லிக்கொடுத்த மூச்சை விட்டுக்கொண்டு விழித்தே கிடந்தாளாம், தலையணைக்கு அடியிலும். எழுந்து பேசினால் உயிர் மிஞ்சாது என்று, பார்த்ததை எல்லாம் வரைந்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாளாம், யாராவது ஒருவர் கண்ணிலாவது படாதா என்று. அக்கா கண்ணில்தான் பட்டதாம். அக்கா சாகும்போதும் இமை இடுக்கால் பார்த்துக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு கிடந்தாளாம்.

அப்படியென்றால் அவை கனவே இல்லை. வெறும் எங்கள் வீட்டுப் படங்கள். ஊர் உலகமே வந்து ஆழ்மனம் ஆழ்மனம் என்று கைதட்டியது எங்கள் சமையலறையையும் என் கையையும் பார்த்துத்தான் என்றாகிறது. அதை எப்படி ஒப்புக்கொள்வது? அக்காவை நான் கொன்றேன், ஒப்புக்கொள்கிறேன். குழந்தையின் அழுகை, தலையணை, முறிந்த கை எல்லாம் நான்தான்; காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கரிப்படத்தை மட்டும் மடிக்காமல் வையுங்கள், உதிர்ந்துவிடும். ஆனால் அவள் விழித்திருந்தாள் என்கிற வரியை அடித்துவிடுங்கள். அது உண்மையில்லை. மூச்சு எனக்குத் தெரியும்.

தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவது போல நடிக்கிறவரை எழுப்ப முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் குதிகாலில் விரலை வைத்த ஒவ்வொரு நாளும் அவள் எழுந்தாளே, ஐயா.